அனுப்ப முடியாதவள்

“ரொம்ப நல்லா வேலை செஞ்சு காட்டிராதடி. அப்புறம் உன்னை ஒரு கிளாஸுக்கும் அனுப்ப மாட்டாங்க.”

உங்க காதுலயும் விழுந்துச்சுல்ல? லிஃப்ட்ல நமக்கு முன்னால நின்ன ரெண்டு பொண்ணுங்க. கண்ணாடி போட்டவ, போன வாரம் சேர்ந்தவளுக்குப் புத்தி சொல்றா. நான் பின்னால நிக்கிறது அவளுக்குத் தெரியல, உங்க தோள் மறைச்சிருச்சு. நான் ஒண்ணும் சொல்லல, பார்த்தீங்கள்ல? வெளியாளுங்க முன்னால ஸ்டாஃபைத் திட்டக் கூடாதுன்னு ‘பணியிடத்தில் கண்ணியம்’ வகுப்புல நானே சொல்லிக் கொடுத்திருக்கேன். மத்தியானம் தனியாக் கூப்பிட்டுத் திட்டிக்கலாம்.

உட்காருங்கம்மா. அது ஆடும், இந்த நாற்காலில உட்காருங்க. உங்க சித்தியோட டிஸ்சார்ஜ் சம்மரி வர எப்படியும் ஒண்ணரை மணி நேரம் ஆகும். காலையில ஒன்பது மணிக்கு டாக்டர் வந்து ‘வீட்டுக்குப் போகலாம்’னு சொல்லிட்டுப் போயிருவார். நீங்க பையெல்லாம் கட்டிட்டு சாயங்காலம் வரைக்கும் கட்டில் ஓரத்துல உட்கார்ந்திருப்பீங்க. இங்க அப்படித்தான். டைப் பண்ற பொண்ணு ஒருத்திதான், அவளும் இன்னைக்கு ஒரு வகுப்புக்குப் போயிருக்கா. ‘மருத்துவ ஆவணங்களை விரைவாகத் தயாரித்தல்.’ நான்தான் அனுப்பினேன்.

என் பேரு தில்லைநாயகி. கதவுல பலகையில இருக்கு. நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட். நூத்திருபது பெட்டு, எழுபத்தி ரெண்டு நர்ஸு, எல்லாம் என் பொறுப்புதான். நீங்க அமைதியான பொண்ணாத் தெரியிறீங்க. கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கீங்க. நல்லது. லிஃப்ட்ல கேட்டதை அப்படியே மனசுல வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிரக் கூடாதுன்னுதான் சொல்றேன். இதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. அந்தக் கதையில நான் என்ன பாவம் செஞ்சேன்னு நீங்களே சொல்லுங்க.

நர்ஸு வேலைன்னா படிச்சு முடிச்சதோட முடிஞ்சுதுன்னு இல்லம்மா. அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை பதிவைப் புதுப்பிக்கணும். அதுக்கு நூத்தைம்பது மணி நேரம் வகுப்புக்குப் போனதுக்குச் சான்றிதழ் காட்டணும். மருத்துவம் மாறிக்கிட்டே இருக்குல்ல, நாமளும் படிச்சுக்கிட்டே இருக்கணும்ல. காட்டலேன்னா பட்டியல்லேர்ந்து பேரு போயிரும். அப்புறம் நர்ஸுன்னு சொல்லிக்க முடியாது, ஊசியைத் தொட முடியாது. 

நான் இங்க வந்ததுலேர்ந்து வருஷத்துக்கு நாப்பது வகுப்புக்குக் குறையாம நடத்துறேன். அந்த அலமாரியில மேல் தட்டு பூரா ஃபைலு. எடுத்துப் பாருங்களேன், போட்டோ எல்லாம் நல்லா வந்திருக்கும். அது கை கழுவும் நாள். அன்னைக்கு மோட்டார் ரிப்பேர், சொட்டுத் தண்ணி இல்ல. நிறுத்திருவேனா? காலிக் குழாய்க்குக் கீழ கையை நீட்டி ஏழு ஸ்டெப்பும் செஞ்சு முடிச்சோம். போட்டோவுல வித்தியாசமே தெரியாது, பாருங்க. அதுக்குப் பக்கத்துல இருக்கிறது ‘மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி’. ஆஃப் நாள்ல எல்லாரும் கட்டாயம் வரணும்னு சர்க்குலர் விட்டேன். வந்தவங்கள்ல பாதிப் பேரு தூங்கிட்டாங்க. பேச வந்தவருக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் ரிப்போர்ட்ல எழுதினேன், ‘வகுப்பு முடியும் முன்னரே பயன் கண்கூடாகத் தெரிந்தது.’

சரி, யாரை அனுப்புறதுன்னு வருவோம். அதுக்கு என்கிட்ட ஒரு முறை இருக்கு. வகுப்புன்னதும் ஒவ்வொரு வார்டு இன்சார்ஜுக்கும் போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். ‘இன்னைக்கு யாரு இல்லேன்னாலும் உன் வார்டு ஓடும்?’ அவங்க சொல்ற பேரை எழுதிக்குவேன். இதுல என்னம்மா தப்பு? நோயாளி முக்கியம் இல்லையா? நல்லா வேலை செய்யிறவளை வகுப்புல கொண்டுபோய் உட்கார வச்சிட்டு, இங்க யாரை வச்சு வார்டை ஓட்டுறது?

அப்படித்தான் சுகப்பிரியா எல்லா வகுப்புக்கும் போனா.

சுகப்பிரியான்னு ஒரு பொண்ணு, அறுவை சிகிச்சை வார்டுல. ஊசி எடுத்துட்டு வாம்மான்னா பஞ்சு எடுத்துட்டு வருவா. பஞ்சு கேட்டா, ‘யாருக்கு மேடம்?’னு கேப்பா. ட்ரிப் ஏத்தணும்னு பேச்சு வந்தாப் போதும், பாத்ரூம் போயிருவா. மோசமான பொண்ணு இல்ல. கையில மட்டும் ஒண்ணும் நிக்காது. அவ இல்லாத அன்னைக்கு வார்டே லேசா இருக்கும்னு அந்த இன்சார்ஜ் சொல்லுவா. அதனால ஒவ்வொரு தடவையும் அவ பேருதான் முதல்ல வரும். ஆறு வருஷத்துல நானூத்திப் பத்து மணி நேரம்! போகப் போக ஸ்லைடு போடக் கத்துக்கிட்டா, மைக்ல பேசக் கத்துக்கிட்டா, ‘நெக்ஸ்ட் ஸ்லைடு ப்ளீஸ்’னு அவ சொல்ற அழகே தனி. போன வருஷம் நானே அவளை ட்ரெயினர் ஆக்கினேன். என் கையால ஆளாக்கின பொண்ணும்மா அவ. அதைத்தான் சொல்ல வர்றேன்.

ஒரு நிமிஷம், இன்டர்காம்... ம், சொல்லு... நாளைக்குத் தீயணைப்புப் பயிற்சியா? உன் வார்டுல யாரு சும்மா இருக்கா?... யாருமே சும்மா இல்லேன்னா யாரும் வர வேணாம். வை.

எங்க விட்டேன்? ஜெனிட்டாவைப் பத்தி இன்னும் சொல்லலையே.

லூர்து ஜெனிட்டா. பச்சக்குழந்தை வார்டு. இங்க ஒன்பது வருஷம். பிறந்து நாலு நாளான குழந்தையோட நரம்பு எப்படி இருக்கும்னு பார்த்திருக்கீங்களா? தையல் நூலு மாதிரி இருக்கும். சில குழந்தைக்குக் கண்ணுக்கே தெரியாது. குழந்தை டாக்டர் ஞானசேகரே ரெண்டு இடத்துல குத்திப் பார்த்துட்டு, வேர்த்துப் போய், ‘ஜெனிட்டா எங்க?’ம்பார். அவ வருவா. குழந்தையோட காலைத் தன் உள்ளங்கைக்குள்ள கொஞ்ச நேரம் பொத்தி வச்சிருப்பா. அப்புறம் ஒரே குத்து. மருந்து ஏத்துற லைன் நின்னுரும். சாப்பிட உட்கார்ந்திருந்தாலும் கூப்பிடுவோம், லீவுல இருந்தாலும் கூப்பிடுவோம். 

இப்படி ஒருத்தியை எப்படிம்மா வகுப்புக்கு அனுப்புறது? நீங்களே சொல்லுங்க. ஒவ்வொரு வருஷமும் கேப்பா. ‘மேடம், இந்தத் தடவையாவது என் பேரைப் போடுங்க.’ நான் சொல்லுவேன், ‘ஜெனிட்டா, உன்னை அனுப்ப முடியாதுங்கிறதே உனக்கு எவ்வளவு பெரிய பாராட்டு!’ வேற யாருக்காவது நான் அப்படிச் சொல்லியிருக்கேனா? ‘பாராட்டைப் பதிவுல ஏத்துக்க மாட்டாங்களே மேடம்’னு பதில் சொல்லுவா. வாய்த்துடுக்கு அப்பவே இருந்துச்சு. நான்தான் கவனிக்கல.

அப்புறம் என்ன செஞ்சா தெரியுமா? ஆஃப் நாள்ல பஸ் ஏறி மதுரைக்குப் போய், அங்க நடக்கிற வகுப்புல எல்லாம் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமா மணி நேரம் சேர்த்தா. எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஒரு குழந்தைக்கு லைன் போடணும்னு போன் அடிச்சா, ‘மேடம், நான் மதுரையில இருக்கேன்’ங்கிறா. எனக்கு வந்த வருத்தம் இருக்கே! ஓய்வு எடுக்கத்தானே ஆஃப் கொடுக்கிறோம்? ஓய்வு எடுக்காம படிச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்? அவ நல்லதுக்குத்தான் அவளோட ஆஃபை வாராவாரம் மாத்திப் போட்டேன். எந்த நாள்னு முந்தின நாள்தான் சொல்லுவேன்.

போன ஆகஸ்ட்ல, பாவம் ஆசைப்படுறாளேன்னு, நம்ம ஹால்லயே நடந்த ஒரு வகுப்புக்கு அனுப்பினேன். அனுப்பவே இல்லைன்னு யாரும் சொல்லக் கூடாது. அங்க வந்து அவ செஞ்ச காரியத்தைக் கேளுங்க. 

வகுப்புக்கு முன்னால ஒரு சின்னத் தேர்வு வைப்போம், முடிஞ்சதும் அதே கேள்வியை மறுபடி கொடுப்போம். முதல்ல கம்மியா வாங்கணும், கடைசில ஜாஸ்தி வாங்கணும். அப்பத்தான் வகுப்பால பயன் இருந்துச்சுன்னு ரிப்போர்ட்ல கோடு மேல ஏறும். இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்ல, எல்லாருக்கும் தெரியும். சுகப்பிரியாவைப் பாருங்க, முதல்ல ரெண்டு வாங்குவா, அப்புறம் ஒன்பது. என்ன அழகான கோடு! இவ முதல்லயே பத்துக்குப் பத்து போட்டா. கடைசிலயும் பத்து. கோடு அப்படியே படுத்துருச்சு. கம்ப்யூட்டர் அவ பேரை ‘பயிற்சியால் முன்னேற்றம் அடையாதவர்கள்’ பட்டியல்ல தூக்கிப் போட்டிருச்சு. நான் போடல, கம்ப்யூட்டர் போட்டது. பட்டியல்ல அவ ஒருத்திதான்.

கூப்பிட்டுக் கேட்டேன். “ஏம்மா, ஒரு ஆறு கேள்வியைத் தப்பா எழுதினா என்ன குறைஞ்சு போயிருவ?”

“தெரிஞ்சதை எப்படி மேடம் தெரியாதுன்னு எழுதுறது? குழந்தைக்கு எத்தனை மில்லி மருந்துன்னு கேள்வி. தப்பா எழுதக் கை வரல.”

பிடிவாதம். அதுக்கப்புறம் மேல இருக்கிறவங்க கேட்டா நான் என்ன சொல்றது? முன்னேற்றமே இல்லாதவளை மறுபடி எப்படி அனுப்புறது?

பிப்ரவரியில ஒரு நல்ல வகுப்பு வந்துச்சு. ‘பச்சிளங்குழந்தைகளுக்கு நரம்பு வழி ஊசி ஏற்றுதல்.’ ரெண்டு பாகம், பிப்ரவரியில ஒண்ணு, மார்ச்ல ஒண்ணு. எடுக்கிறது சுகப்பிரியா. ஜெனிட்டா வந்து நின்னா. மார்ச் முப்பத்தொண்ணோட அவ பதிவு முடியுதாம். மதுரைக்குப் போய்ச் சேர்த்ததெல்லாம் போக இன்னும் பதினோரு மணி நேரம் குறையுது. இந்த ரெண்டு பாகமும் பாகத்துக்கு ஆறுன்னு பன்னிரண்டு. “இதை விட்டா எனக்கு வேற வழியில்ல மேடம்”னா. கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கும் மனசு இருக்குல்ல? சரி போன்னேன்.

போனா. பத்தரை மணிக்கு வார்டுலேர்ந்து போன். ஒரு குழந்தைக்கு லைன் கிடைக்கல. நான் கதவுகிட்ட நின்னு கையைக் காட்டினேன், எழுந்து வந்தா. போட்டுட்டுப் போனா. பன்னிரண்டு மணிக்கு இன்னொண்ணு. வந்தா, போட்டா, போனா. மூணு மணிக்கு மறுபடியும். அங்க ஸ்லைடுல சுகப்பிரியா நரம்பு எங்க இருக்கும்னு பச்சை அம்புக்குறி போட்டுக் காட்டிக்கிட்டு இருந்தா. வகுப்பு நல்லாத்தான் போச்சு. ஆனா விதின்னு ஒண்ணு இருக்குல்ல, இருபது நிமிஷத்துக்கு மேல வெளிய போனா சான்றிதழ் கிடையாது. கூட்டிப் பார்த்தா இவ முப்பத்தஞ்சு நிமிஷம். நானே மனசைக் கல்லாக்கிக்கிட்டு பட்டியல்ல அவ பேரை அடிச்சேன்.

“என்னை வெளிய கூப்பிட்டதே நீங்கதானே மேடம்?”

“கூப்பிட்டது சூப்பரின்டென்டென்ட், ஜெனிட்டா. அடிச்சது பயிற்சிப் பொறுப்பாளர். ரெண்டும் நானா இருக்கலாம். ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.”

ஆறுதலா நாலு வார்த்தை சொன்னேன். பதிவு போனா என்ன, உன்னை நாங்க விட்டுருவோமா? ஏப்ரல்லேர்ந்து உதவியாளர்னு வச்சுக்கலாம். அதே வார்டு, அதே குழந்தைங்க, பேப்பர்ல வேற யாராவது கையெழுத்துப் போட்டுக்குவாங்க. நீ பாட்டுக்கு லைன் போட்டுக்கிட்டு இரு. வேற எந்த ஹாஸ்பிடலும் உன்னைச் சேர்க்காது, நாங்க சேர்ப்போம். இதைவிட என்னம்மா செய்ய முடியும் ஒரு நிர்வாகத்தால?

“ஒன்பது வருஷம் நர்ஸா இருந்துட்டு, பத்தாவது வருஷம் ஆயாவா மேடம்?”

“ஆயா இல்லம்மா, உதவியாளர். சேலைக் கலரு மட்டுந்தான் மாறும்.”

நான் எவ்வளவு பக்குவமாப் பேசியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுதுல்ல? தண்ணி குடிங்க. அந்த பாட்டில்தான்.

மார்ச் இருபத்தாறு, ரெண்டாம் பாகம். இந்தத் தடவை வெளியிலேர்ந்து பார்வையாளர் ஒருத்தர் வந்திருந்தாங்க. வசுமதி மேடம், நர்ஸிங் காலேஜ்ல பிரின்சிபாலா இருந்து ரிட்டையர் ஆனவங்க. அவங்க கையெழுத்து இருந்தாத்தான் அன்னைக்குச் சான்றிதழ் செல்லும். வாசல்ல கோலம், பன்னீர் தெளிப்பு, பஃப்ஸு, எல்லாம் ஏற்பாடு. பார்த்தா மூணாவது வரிசையில ஜெனிட்டா.

பக்கத்துல போய் மெதுவாச் சொன்னேன். “இதுல ஆறு மணி நேரம்தான்மா கிடைக்கும். உனக்குக் குறையிறது பதினொண்ணு. எப்படியும் எட்டாது. எதுக்கு வீணா உட்கார்ந்திருக்க? வார்டைப் பாரு.”

“இன்னைக்கு எனக்கு ஆஃப் மேடம். நேத்து நீங்கதான் சொன்னீங்க.”

ஆமா, நான்தான் போட்டிருந்தேன். மறந்துட்டேன்.

பதினோரு மணிக்கு வார்டுலேர்ந்து போன். டாக்டர் ஞானசேகர் குரல்லயே கோபம். ஒன்பது நாள் குழந்தை, ரத்தத்துல கிருமி. மருந்து நேரத்துக்குப் போயே ஆகணும், லைன் போட்டிருந்த இடம் வீங்கிப் போச்சு. நாலு இடத்துல குத்திப் பார்த்தாச்சு, கிடைக்கல. நான் ஹால் கதவுல நின்னு, ‘அந்த ஒன்பது நாள் குழந்தை’ன்னு சொல்லிக் கையைக் காட்டினேன். எப்பவும் கையைக் காட்டினாப் போதும், எழுந்து வந்துருவா. அன்னைக்கு எழுந்து நின்னா. வரல.

“மேடம், குழந்தையை இங்க கொண்டு வரச் சொல்லுங்க.”

மொத்த ஹாலும் திரும்பிப் பார்க்குது. “என்ன விளையாடுறியா?”ன்னேன்.

“விளையாடல மேடம். வார்டு ரெண்டு கதவு தள்ளித்தான் இருக்கு. குழந்தைக்கு ஆக்ஸிஜன் வைக்கல, அம்மா மடியிலதான் இருக்கு. காலையில பார்த்துட்டுத்தான் வந்தேன். நான் அங்க வந்தாலும் அதே ஊசி, குழந்தை இங்க வந்தாலும் அதே ஊசி. நான் வந்தா எனக்கு ஹவர்ஸ் போயிரும். குழந்தை வந்தா அதுக்கு ஒண்ணும் போகாது.”

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள வசுமதி மேடம், “வரட்டுமே, வகுப்பே அதுதானே”ன்னுட்டாங்க. பெரியவங்க சொன்னா என்ன செய்யிறது? டாக்டருக்குப் போன் பண்ணினேன். “எங்க வேணா வச்சுப் போடுங்க, சீக்கிரம் போடுங்க”ன்னு கத்தினார். 

குழந்தையைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு அம்மாக்காரி வந்தா, பின்னாலயே ஒருத்தி ட்ரேயோட. உள்ள வந்து நாப்பது நர்ஸையும் பார்த்ததும் அந்தப் பொண்ணு அப்படியே நின்னுருச்சு. “இத்தனை பேரும் குத்தப் போறீங்களா?”ன்னு கேட்டா.

“ஒருத்திதான் அக்கா. மத்தவங்க பார்ப்பாங்க”ன்னா ஜெனிட்டா.

ஆனா வசுமதி மேடம் முறைப்படி நடக்கிறவங்க. சுகப்பிரியா பக்கம் திரும்பி, “ட்ரெயினர் நீங்கதானே? செஞ்சு காட்டுங்க”ன்னாங்க. நியாயந்தானே? எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. சுகப்பிரியா க்ளவுஸ் மாட்டினா. அந்தக் குழந்தையோட கையைப் பார்த்தா. திரும்பி ஸ்லைடைப் பார்த்தா, அதுல பச்சை அம்புக்குறி. மறுபடி கையைப் பார்த்தா, அதுல அம்புக்குறி இல்ல.

“எனக்கு இது வராதுங்க மேடம்”னா. “பச்சக்குழந்தைக்கு நான் ஒருதடவைகூடப் போட்டதில்ல.”

சட்டையில மைக்கு. அணைச்சிட்டாவது சொல்லக் கூடாதா? ஹாலோட நாலு மூலையிலயும் கேட்டுச்சு.

அப்புறம் ஜெனிட்டாதான். முதல்ல ஏசியை நிறுத்தச் சொன்னா. க்ளவுஸ் விரலை வெட்டி ஒரு வளையம் எடுத்துக் குழந்தையோட காலுக்கு மேல மாட்டினா. அம்மாக்காரிகிட்ட ஒரு சொட்டுப் பாலு நாக்குல வைக்கச் சொன்னா. சின்ன டார்ச்சைப் பாதத்துக்குக் கீழ வச்சு அடிச்சா, சிவப்பா ஒரு வெளிச்சம், அதுக்குள்ள ஒரு கோடு. “கண்ணால தேடாதீங்க, விரலால தேடுங்க. தொட்டா லேசா எழும்பி வரும்”னு சொல்லிக்கிட்டே போட்டா. குழந்தை ஒருதடவை சிணுங்கிச்சு, அவ்வளவுதான். அம்மாக்காரிதான் அழுதா. மூணு நிமிஷ வேலை. அதுக்கு நாப்பது பேரும் நாற்காலி மேல ஏறி நின்னு வேடிக்கை. 

குழந்தை வார்டுக்குப் போயிருச்சு. இதோட முடிஞ்சிருக்கணும்ல? கேள்வி கேக்க ஆரம்பிச்சிட்டாங்கம்மா! ஆறு வருஷமா என் வகுப்புல ஒருத்தர்கூடக் கேள்வி கேட்டதில்ல, அப்படி ஒரு ஒழுங்கைக் காப்பாத்திக்கிட்டு வந்தேன். அன்னைக்கு ஒரே இரைச்சல். ‘காலு நீலமா இருந்தா என்ன செய்யிறது?’, ‘டேப் எப்படி ஒட்டுறது?’ ஜெனிட்டா, பயிற்சிக்குன்னு வச்சிருந்த ரப்பர் கையை மேசையில வச்சு ஒவ்வொருத்தியையும் போட்டுப் பார்க்கச் சொன்னா. பஃப்ஸ் ஆறிப் போச்சு, யாரும் எடுக்கல. சுகப்பிரியா முதல் வரிசையில உட்கார்ந்து நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தா. மூணு மணி வாக்குல அவளும் எழுந்து போய் ரப்பர் கையில போட்டா. நாலாவது தடவை நின்னுச்சு. கையைத் தட்டினாங்க. என்ன கண்றாவியோ.

நாலரைக்கு வகுப்பு முடிஞ்சு பேப்பர் வேலை. நான் ஜெனிட்டா பேருக்கு நேரா வந்து யோசிச்சேன். யோசிச்சுத்தான் அடிச்சேன். வகுப்பு நேரத்துல நோயாளிக்கு ஊசி போட்டா அது டூட்டியா, படிப்பா? டூட்டி. டூட்டி பார்த்துட்டுப் படிச்சேன்னு சொன்னா பொய்க்கணக்கு ஆகாதா? என் காலத்துல ஒரு பொய்ச் சான்றிதழ் வெளிய போனதில்ல. வசுமதி மேடம் போனைக் காதுல வச்சுக்கிட்டு ஜன்னல்கிட்ட நின்னாங்க, கார் வந்துருச்சான்னு. அவங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு நானே அடிச்சேன்.

ஜெனிட்டா பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னா. அடிச்சதைப் பார்த்தா. அழுகை, சண்டை ஒண்ணும் இல்ல. “சரிங்க மேடம். அப்ப நான் வீட்டுக்குக் கிளம்புறேன்”னா.

“ஒண்ணாந்தேதி வரும்போது ஸ்டோர்ல பிரவுன் சேலை வாங்கிக்கோ”ன்னு நினைவுபடுத்தினேன். நான் நினைவுபடுத்தலேன்னா அவ மறந்துருவா.

கடைசியா ட்ரெயினர் படிவம். அது தனித் தாளு. எடுக்கிறவங்களுக்கு ரெண்டு மடங்கு மணி நேரம், ஆறு மணி நேரம் எடுத்தா பன்னிரண்டு. காலையிலேயே சுகப்பிரியா பேரை அழகாத் தட்டச்சு அடிச்சு வச்சிருந்தேன். அவ கையெழுத்தும் வசுமதி மேடம் கையெழுத்தும்தான் பாக்கி. சுகப்பிரியாகிட்ட நீட்டி, “போடும்மா, கார் வந்துருச்சு”ன்னேன்.

இந்தப் பொண்ணை நான் எப்படி வளர்த்தேன்னு சொன்னேன்ல. ஆறு வருஷத்துல சொல்லாம ஒரு காரியம் செஞ்சவ இல்ல அவ. சொன்னாலும் பாதிதான் செய்வா.

தாளை வாங்கினா. படிச்சா. கதவுகிட்ட போயிக்கிட்டிருந்த ஜெனிட்டாவைப் பார்த்து, “அக்கா, ஒரு நிமிஷம் நில்லுங்க”ன்னா. தன் பேரு மேல ஒரு கோடு போட்டு அடிச்சா. அதுக்கு மேல ‘லூர்து ஜெனிட்டா, ஸ்டாஃப் நர்ஸ், பச்சிளங்குழந்தைகள் வார்டு’ன்னு எழுதினா. அடிச்ச இடத்துக்குப் பக்கத்துல தன் கையெழுத்தைப் போட்டா. தாளைக் கொண்டுபோய் வசுமதி மேடம் கையில கொடுத்துட்டு, அவங்க கண்ணாடியை மாட்டிப் படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னு, பேனாவோட மூடியைத் திறந்து நீட்டினா.